வியாழக்கிழமைப் பெட்டி

ஆரணி கொசப்பாளையத்தில் அபிதகுசாம்பாள் என்று முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுகிறவர் ரேஷன் கடைக்காரர் ஒருவர்தான். தெருவுக்கு அவள் அபிதாக்கா. வயது நாற்பத்தொன்பது. இருபத்தாறு வருஷமாக ராஜ்குமாரின் மனைவி. அந்த இருபத்தாறு வருஷமும் அவனுடைய இரண்டு தறிக்கும் குறுக்கே ஓடுகிற ஊடை நூலைத் தாரில் சுற்றிக் கொடுத்தவள். ராட்டைக்கு இப்போது மோட்டார் வந்துவிட்டது. ஆனாலும் நூல் அறுந்தால் விரல்தான் பிடிக்க வேண்டும். பட்டு நூல் ஓடி ஓடி வலது ஆள்காட்டி விரலில் மெல்லியதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கீரை ஆய்ந்தால் அந்தப் பள்ளத்தில் மண் சேர்ந்துகொள்ளும். நான்கு தரம் சோப்புப் போட்டாலும் லேசில் போகாது.

வியாழக்கிழமை பத்தரை மணி ஆனால் அவள் மோட்டாரை நிறுத்திவிடுவாள். முகம் கழுவுவாள். கூடத்தில் ஒரு பழைய போர்வையை விரிப்பாள். பிறகு அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பாள்.

"பொண்ணு பார்க்க வர்றவங்களுக்குக் கூட இவ்ளோ ஏற்பாடு கெடையாது," என்பான் ராஜ்குமார், தறிக்குழியில் இருந்தபடியே.

"உன் வேலையைப் பாரு."

பதினோரு மணிவாக்கில் ஒரு மினி வேன் வந்து நிற்கும். தேசூர்ப் பக்கம் ஏழெட்டு விவசாயிகள் சேர்ந்து, மருந்து அடிக்காத காய்கறியை வீட்டுக்கு வீடு பெட்டியில் வைத்து அனுப்புகிறார்கள். வாரத்துக்கு ஒரு பெட்டி. அதில் என்ன வரும் என்று நாம் சொல்ல முடியாது. வயலில் அந்த வாரம் என்ன இருக்கிறதோ அது வரும். வேன் ஓட்டுகிற தீனா பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து போர்வைமேல் இறக்குவான். போன வாரத்துக் காலிப் பெட்டியை எடுத்துக்கொள்வான். மற்ற வீடுகளில் அவனுக்கு அவ்வளவுதான் வேலை. இங்கே மட்டும் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும். முதலில் வேண்டாம் என்றுதான் சொல்லிப் பார்த்தான்.

"லைன் இருக்குதுங்க மேடம். இன்னும் பதினாலு வீடு."

"ரெண்டு நிமிஷத்துல பதினாலு வீடும் எங்கயும் ஓடிடாது. உக்காரு."

அவன் குடித்து முடிக்கும்வரை அவள் பெட்டியைத் தொடமாட்டாள். அவன் போன பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே எடுப்பாள். ஒரு சுரைக்காய், கோணல் மாணலாக நாலு முள்ளங்கி, இலையோடு. வேர்மண் உதிராத அரைக்கீரை. கத்தரிக்காய் ஒரு கிலோ, அதில் பாதியில் ஊசி குத்தினாற்போல ஓட்டை. ஓட்டைக் கத்தரிக்காயைத் தனியாக எடுத்து வைத்து, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஓட்டைக்கு எச்சா காசு குடுத்து வாங்கறவ இந்த ஆரணியிலேயே நீ ஒருத்திதான்," என்று ராஜ்குமார் ஆரம்பத்தில் சண்டை போட்டான். "சூப்பர் மார்க்கெட்டுன்னா நாமளே பொறுக்கி எடுக்கலாம். இங்க அவன் குடுக்கறதை வாங்கிக்கணும்."

"குடுக்கறதை வாங்கிக்கறதுதான் எனக்கு வேணும்."

அவன் ஏறிட்டுப் பார்த்தான். இருபத்தாறு வருஷத்தில் எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

சூப்பர் மார்க்கெட் மேல் அபிதாவுக்கு ஒரு காலத்தில் கொள்ளை ஆசை. ஏழு வருஷத்துக்கு முன்னால் பழைய வீட்டை இடித்துவிட்டு மாடியோடு கட்டினார்கள். கூடம் முழுக்க வெள்ளை டைல்ஸ். அதே வருஷம்தான் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் ஏசி போட்ட கடை ஒன்று திறந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு கிளம்புவாள். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு, ஒரே அளவில் அடுக்கி வைத்த தக்காளிக்கு நடுவே நடப்பாள். கத்தரிக்காயில் முகம் தெரியும். யாரிடமும் பேரம் பேச வேண்டியதில்லை. எடுத்த காயை மறுபடி வைத்தால் 'வாங்கறதுன்னா தொடு' என்று யாரும் கத்தமாட்டார்கள். வீடும் புதுசு, கடையும் புதுசு. தானும் கொஞ்சம் புதுசாகிவிட்டதாக அவளுக்கு ஒரு நினைப்பு இருந்தது.

அவளுக்குக் கூடப் பிறந்தது ஒரே தம்பி, அய்யாக்கண்ணு. நாலு வயது சின்னவன். கலசப்பாக்கத்துக்கு அடுத்த சிற்றூரில் ஒன்றேகால் ஏக்கர் வைத்துக்கொண்டு காய்கறி போட்டான். மாதத்தில் இரண்டு தடவை மொபெட்டின் முன்பக்கம் ஒரு கோணிப்பையை வைத்துக்கொண்டு, போளூர் வழியாக ஒன்றரை மணி நேரம் ஓட்டி அக்கா வீட்டுக்கு வருவான். வந்தவுடன் பையைக் கூடத்தில் கவிழ்ப்பான். இது ருசியாக இருக்கும், இது கொஞ்சம் முற்றல், இதைப் பிள்ளைக்குக் கொடு என்று சொல்லிக்கொண்டே பிரித்து வைப்பான். ஒரு காபி. பிறகு கிளம்பிவிடுவான். அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படித்தான். ஆரம்ப வருஷங்களில் அப்பா கொண்டு வந்தார், அப்புறம் இவன்.

புது வீட்டுக்கு வந்த இரண்டாவது மாதம். காஞ்சிபுரத்திலிருந்து நாத்தனார் தன் சம்பந்திகளை அழைத்துக்கொண்டு வீடு பார்க்க வந்திருந்தாள். எல்லாரும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். அய்யாக்கண்ணு வழக்கம் போல வந்தான். வழக்கம் போலப் பையைக் கவிழ்த்தான். வெள்ளை டைல்ஸில் செம்மண் பரவியது. கத்தரிக்காயோடு பச்சைப் புழு ஒன்று வெளியே வந்து, நாத்தனாரின் சம்பந்தியம்மா காலைப் பார்த்து நெளிந்தது. அந்த அம்மா காலைத் தூக்கிக்கொண்டாள். நாத்தனார் சிரித்தாள்.

"எதுக்குடா இந்த சொத்தையெல்லாம் தூக்கிகினு வர்ற?" என்றாள் அபிதா. "இங்க சூப்பர் மார்க்கெட்ல பளபளன்னு கெடைக்குது. உனக்கும் பெட்ரோல் தெண்டம்."

பெரிய வார்த்தை ஒன்றுமில்லை. சொன்னபோது குரல்கூட உயரவில்லை. அய்யாக்கண்ணுவும் சிரித்துக்கொண்டே, "ஆமாக்கா, காலம் மாறிப்போச்சு இல்ல," என்றான். காபியைக் குடித்தான். புழுவை விரலால் எடுத்து வெளியே விட்டான். காலிப் பையை வாசலுக்கு எடுத்துப் போய்த் தட்டி, எட்டாக மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான்.

அதன் பிறகு பை வரவில்லை.

முதல் வருஷம் அவளுக்கு அது உறைக்கவே இல்லை. வேலை இருக்கும் என்று நினைத்தாள். போன் செய்தால் அவன் மனைவி கெங்கம்மாள் எடுத்து, "காட்ல கீறாரு அண்ணி," என்பாள். அபிதாவின் மாமியார் சாவுக்கு வந்தான். மாலை போட்டான். கையைக் கட்டிக்கொண்டு பந்தலில் ஓரமாக நின்றான். தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான். வீட்டுப் படியில் அவன் கால் படவில்லை என்பதை மூன்றாம் நாள்தான் அவள் யோசித்துப் பார்த்தாள். அன்றைக்கு சூப்பர் மார்க்கெட் கத்தரிக்காயை அரிவாள்மனையில் வைத்தவள், பாதியிலேயே எடுத்து ஓரமாக வைத்தாள்.

ராஜ்குமார் சொன்னான், "போன் போட்டு நான் பேசட்டுமா?"

"இன்னான்னு பேசுவ? காய் கொண்டாடான்னா?"

அவன் தறிக்குழிக்குத் திரும்பினான். இப்படியே வருஷங்கள் போயின. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பக்கத்துத் தெருவில் அந்த வேன் நின்றிருந்தது. திறந்த பெட்டியில் ஓட்டை விழுந்த கத்தரிக்காயைப் பார்த்துவிட்டு நின்றாள். தீனா அவள் பார்வையைத் தப்பாகப் புரிந்துகொண்டு, "மருந்தே போடறதில்ல மேடம், அதான் பூச்சி விழுது," என்று சமாதானம் சொன்னான். அந்த இடத்திலேயே பெயர் கொடுத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. சோப்பு, பருப்புக்குப் போவதையும் தெருமுனைக் கடைக்கு மாற்றிக்கொண்டாள்.

மகள் சரண்யாவுக்குத்தான் பேஜார். கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை அவளுக்கு. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மூன்று வாரமாகச் சுரைக்காய்.

"இன்னாம்மா, இன்னைக்கும் இதுவா? கல்யாணத்துக்கு நகை வேணாம், எனக்கு சுரைக்காயே போட்டு அனுப்பிடு."

"வந்ததைத் தின்னு."

"வேற வேணும்னு அவங்ககிட்ட கேக்கலாம்ல?"

"கேட்டு வாங்கறதுக்குக் கடை இருக்குது."

எதிர்வீட்டுக்குக் குடிவந்த சசிகலா இதையெல்லாம் வாசலில் இருந்து பார்த்தாள். பார்க்கிற குணம் உள்ளவள். கெட்ட குணம் இல்லை. வாரா வாரம் ஒருவன் காய்கறியோடு வருகிறான். உள்ளே போய்க் காபி குடிக்கிறான். போகும்போது இவள் வாசல்வரை வந்து வழியனுப்புகிறாள். வேனில் எழுத்து எழுதியிருந்தது. அதை சசிகலா கவனிக்கவில்லை, அல்லது அவன் தொழில் அது என்று எடுத்துக்கொண்டாள். சொந்த நிலத்துக் காயை அக்கா வீட்டில் கொண்டு வந்து இறக்குகிற தம்பிகளை அந்தப் பக்கத்தில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

"உங்க தம்பிங்களாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். "குடுத்து வச்சவங்க நீங்க. எனக்கு ரெண்டு அண்ணனுங்க கீறானுங்க. ஒரு கொத்தமல்லிக் கட்டு கொண்டாந்தது கெடையாது."

இல்லை, காய்கறி வண்டிக்காரர் என்று சொல்லத்தான் அபிதா வாயைத் திறந்தாள். ஆனால் அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"ம்," என்றாள்.

அந்த ஒரு 'ம்' பதினொரு மாதம் ஓடியது. சசிகலாவுக்கு ஒரு கை வெண்டைக்காய், ஒரு கட்டுக் கீரை என்று கொடுக்க ஆரம்பித்தாள். கொடுக்கும்போது ஏதாவது பேச வேண்டியிருந்தது. பேசியதெல்லாம் உண்மைதான். தம்பிக்கு நாய் என்றால் பயம், நாலாவது படிக்கும்போது கடித்துவிட்டது. பூசணிக்காய் தொடமாட்டான். தூங்கும்போது ஒரு கண் லேசாகத் திறந்திருக்கும். சொல்லச் சொல்ல, சின்னச் சின்னதாக எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. வீட்டில் யாரிடமும் இதைப் பேச முடியாது. சரண்யாவிடம் பேசினால், "நீ போய் மாமாவைப் பாரேன்மா," என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

பொங்கல் முடிந்த வாரம் தீனா காபியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினான்.

"மேடம், எதிர்வீட்டம்மா என்னை நிறுத்தி, பூசணிக்கா சாப்பிடமாட்டீங்களாமேன்னு கேட்டாங்க. நான் நல்லாவே சாப்பிடுவேங்க."

அபிதா அவன் முகத்தைப் பார்க்காமல், "அப்படியா," என்றாள்.

"பொங்கலுக்கு ஏன் வரிசை கொண்டாரலன்னும் கேட்டாங்க. கரும்பும் மஞ்சக்கொத்தும் எங்கன்னு. நான் ஆபீஸ்ல சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே காதுவரை சூடேறியது.

"எதோ தப்பா நினைச்சிகினு கீறாங்க போல."

"நான் சொல்லிடட்டுங்களா?"

"நானே சொல்லிக்கிறேன்."

சொல்லவில்லை. தீனாவும் மறுபடி கேட்கவில்லை. அவனுக்கு மூன்று அக்காக்கள்; அது அவளுக்குத் தெரியாது.

மாசி மாதம் சரண்யாவுக்கு வரன் அமைந்தது. பையன் போளூர். நல்ல இடம். பூ வைக்க வருவதாகச் சொன்ன நாள் வியாழக்கிழமையாக அமைந்துவிட்டது. இருக்கிற அமளியில் இந்த வாரம் பெட்டி வேண்டாம் என்று சொல்ல அபிதா மறந்துவிட்டாள். மறந்துதான் போனாளா என்பதைப் பின்னால் அவளே யோசித்திருக்கிறாள்.

பத்துப் பேர் வந்திருந்தார்கள். பூ வைத்தாயிற்று. பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே மாப்பிள்ளையின் அம்மா கல்யாணத்து விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தாள். நிதானமான பெண்மணி, ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"பொண்ணுக்குத் தாய்மாமன் இருக்காருங்க இல்ல? காணோமே."

"இருக்கான். வேலை. வருவான்," என்றாள் அபிதா.

"அதுக்கில்லீங்க. எங்க பக்கம் தாய்மாமன்தான் பட்டம் கட்டணும். அதுல மட்டும் நாங்க விட்டுக்குடுக்கறதில்ல."

நெற்றியில் பட்டம் கட்டிவிட்ட பிறகுதான் பெண்ணை மணவறைக்கு அழைத்துப் போவார்கள். அபிதாவின் கல்யாணத்திலும் அப்படித்தான். "எங்க பக்கமும் அதாங்க," என்றாள்.

வெளியே வேன் வந்து நின்றது. காபித் தட்டோடு உதவிக்கு வந்திருந்த சசிகலா வாசலைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"தோ, சொல்லிகினு இருக்கும்போதே வந்துட்டாரு பாருங்க தாய்மாமன்."

தீனா தோளில் பெட்டியோடு உள்ளே வந்தான். பச்சை பனியன், முதுகில் கம்பெனி பெயர். பெட்டியின் ஓரத்தில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து கையைக் கூப்பினார்.

"வாங்க வாங்க. உங்களைப் பத்திதான் பேச்சு. காயெல்லாம் இப்பவே எதுக்குங்க, கல்யாணத்துக்கு இன்னும் நாள் கீதே."

தன் நாற்காலியை அவனுக்கு இழுத்துப் போட்டார். தீனா பெட்டியை இறக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. அபிதாவைப் பார்த்தான். சரண்யாவும் பார்த்தாள். வெற்றிலைத் தட்டோடு உள்ளேயிருந்து வந்த ராஜ்குமாருக்கு ஒன்றும் புரியவில்லை.

"யாருன்னு நினைச்சீங்க இவரை? வாரா வாரம் காய் போடறவருங்க," என்றான்.

கூடத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. பெரியப்பாவும் சிரித்தார். சசிகலா மட்டும் சிரிக்கவில்லை. அவள் காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்ப உங்க தம்பி எங்க?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. அவள் அபிதாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஊருக்குப் போயிருக்கிறான், உடம்பு சரியில்லை என்று எதையாவது. பதினொரு மாதம் சொல்லிப் பழகியதுதானே. ஆனால் தீனா பெட்டியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தான். பாரம் அழுத்தி அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"இறக்கி வைப்பா," என்றாள் முதலில். பிறகு, "என் தம்பி கலசப்பாக்கத்துப் பக்கம் கீறானுங்க. இப்படித்தான் பை தூக்கிகினு வருவான். நாலு பேர் எதிர்ல ஒரு வார்த்தை சொல்லிட்டேன். ஏழு வருஷமா படியேறல."

மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவினாள்.

"எங்க வீட்லயும் ஒருத்தர் அப்படி இருந்தாரு," என்றாள். "பட்டம் கட்ட அவர்தான் வரணும். போய்க் கூப்பிடுங்க. போன்ல வேணாம்."

அவர்கள் போனபின் சரண்யா அம்மாவின் அருகில் வந்து உட்கார்ந்து முருங்கைக்காயை ஒடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது சசிகலாதான், மறுநாள், வாசலில் நின்றபடி.

"என்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமேக்கா. நான் இன்னா உங்களைக் கேலியா பண்ணப் போறேன்?"

"தப்புதான் சசி."

"நான் அந்த ஆளைப் பிடிச்சி வரிசை கேட்டேனே, எவ்ளோ அசிங்கம்," என்றாள் சசிகலா. அதைச் சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பத்து நாள் பேசவில்லை.

அபிதா தனியாகத்தான் போனாள். ராஜ்குமார் வண்டியில் அழைத்துப் போகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டாள். போளூரில் பஸ் மாறி, கலசப்பாக்கத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஏறினாள். கையில் தட்டு, பூ, பழம், வெற்றிலை பாக்கு. வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தாள். ஆட்டோ நின்றதும் எல்லாம் மறந்துபோயிற்று.

கெங்கம்மாள் வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணி," என்றாள். எழுந்தாள். தண்ணீர் கொண்டு வந்தாள். முகத்தில் கோபமும் இல்லை, குதூகலமும் இல்லை. அடுப்படியில் கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. போளூரில் உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பெயர் அதில் இருந்தது. உள்ளே தக்காளி, பளபளவென்று, ஒரே அளவில்.

அபிதாவின் கண் அங்கே போனதை கெங்கம்மாள் பார்த்தாள்.

"காய் போடறதை நிறுத்தி ஆறேழு வருஷம் ஆவுது அண்ணி. உங்க வீட்டுக்குக் கடைசியா வந்துட்டு வந்தாரே, அந்த வருஷமே எல்லாத்தையும் ஓட்டிட்டு மல்லாட்டை போட்டுட்டாரு."

"கெணத்துல தண்ணி இல்ல, அதான் ஓட்டினேன்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அய்யாக்கண்ணு கால் கழுவிக்கொண்டு நின்றான். தலை நரைத்திருந்தது. கழுத்து அப்பாவுடைய கழுத்தாக மாறியிருந்தது. "எப்ப வந்த?"

"இப்பத்தான்."

"மாமா வரல?"

"தறியில பாவு ஓடுது."

அதன் பிறகு மூன்று பேரும் மல்லாட்டை உரித்தார்கள். அபிதா தட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். சரண்யாவுக்கு வரன் முடிந்ததைச் சொன்னாள். பையனைப் பற்றிச் சொன்னாள். பட்டத்தைப் பற்றிச் சொன்னாள். பிறகு, சொல்லக் கூடாது என்று நினைத்திருந்ததையும் சொல்லிவிட்டாள். பெட்டி, தீனா, எதிர்வீட்டுக்காரி, பூ வைக்கிற அன்றைக்கு நடந்தது எல்லாம்.

அவன் உரிப்பதை நிறுத்தினான்.

"கத்தரிக்கால ஓட்டை கீதா?"

"கீது."

"காசு குடுத்தா வாங்கற?"

"ஆமா."

"எவ்ளோ வருஷமா?"

"ஒன்றரை வருஷம்."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். திட்டினாலும் சரி. அவன் கையிலிருந்த தோலை ஊதிவிட்டு, "நாய்க்குப் பயப்படறதையெல்லாம் எதுக்கு அவகிட்ட சொன்ன?" என்றான்.

கெங்கம்மாள்தான் முதலில் சிரித்தாள். அபிதாவும் சிரித்தாள், சிரிப்போடு மூக்கையும் முந்தானையில் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவன் சிரிக்கவில்லை. ஆனால் தட்டை எடுத்துக்கொண்டான்.

"மண்டபத்துக்கு வரேன். பட்டம் கட்டறது என் முறை, அதை நான் விடமாட்டேன். வீட்டுக்குக் கூப்பிடாத."

"சரி."

"கோபம்னு இல்லக்கா. கையை வீசிகினு உன் வீட்டுப் படியேற எனக்குத் தெரியாது. கையில எடுத்துகினு வர இப்ப ஒண்ணும் இல்ல."

கடையில் ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டு வரலாமே என்று அவள் சொல்லவில்லை. யார் வேண்டுமானாலும் அதைச் சொல்லலாம். அவள் சொல்ல முடியாது. திரும்பும்போது பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தான். பஸ் ஏறியதும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். சின்ன வயதிலும் அப்படித்தான்.

வியாழக்கிழமை தீனா வந்தான். பெட்டியை இறக்கிவிட்டு நின்றபடியே கேட்டான், "போனீங்களா மேடம்?"

"போனேன்."

"வராராமா?"

"கல்யாணத்துக்கு வரேன்னிருக்கான்."

"அது போதுங்க," என்றான். அவளுக்கு அது போதாது. ஆனாலும் தலையாட்டினாள். அன்றைக்கு அவன் காபிக்கு உட்காரவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. தம்பியின் இடத்தில் இனி அவன் உட்கார வேண்டியதில்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அதில் வருத்தம் எதுவும் இல்லை.

வைகாசியில் கல்யாணம். ஆரணியிலேயே, போளூர் சாலையில் மண்டபம். அய்யாக்கண்ணு முதல்நாள் சாயங்காலமே வந்துவிட்டான். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை, காலரில் அட்டையின் மடிப்பு கலையாமல் இருந்தது. தாய்மாமன் வரிசையாகப் புடவை, பழத்தட்டு என்று ஏழு தட்டு. காலையில் சரண்யாவைக் கிழக்கே பார்க்க நிற்க வைத்து, நெற்றியில் பட்டத்தை வைத்துக் கட்டினான். முடிச்சு விழவில்லை. சரண்யா தலையைக் குனிந்துகொண்டு, "மெதுவா மாமா, ஒண்ணும் அவசரமில்ல," என்றாள். மூன்றாவது தடவை விழுந்தது. பந்தியில் எதிர்வரிசையில் உட்கார்ந்த சசிகலா அவனை வைத்த கண் எடுக்காமல் பார்த்துவிட்டு, பரிமாறுகிறவர் பூசணிக்காய்க் கூட்டோடு வந்தபோது, "அவருக்கு வேணாம்," என்று கைகாட்டி மறித்தாள். அவன் திகைத்துப்போய்ப் பார்த்தான்.

சாப்பாடு முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பியபின், அவனும் கெங்கம்மாளும் புறப்பட்டார்கள். மண்டபத்து வாசலில் அபிதா நின்றாள். வீடு அங்கிருந்து பத்து நிமிஷம்.

"வரட்டுமாக்கா," என்றான். "பஸ்ஸுக்கு நேரமாவுது."

"ம்."

நாலடி நடந்தவன் நின்றான். திரும்பாமல், சாலையைப் பார்த்தபடி சொன்னான்.

"கெணத்தை ஆழப்படுத்தினேன். கொஞ்சம் தண்ணி ஊறுது. இவ ஒரு பாத்தி வெண்டை ஊனி கீறா. எதுக்கு ஊனினான்னு தெரியல. நாங்க ரெண்டு பேரு எவ்ளோ தின்னுடப் போறோம்."

"இப்பதான் ரெண்டு எலை விட்டு கீது அண்ணி," என்றாள் கெங்கம்மாள்.

கொண்டு வா என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அது கேட்டு வாங்கியதாகிவிடும். அபிதா, "சாயங்காலமா தண்ணி விடு, வெயில் ஜாஸ்தியா கீது," என்று மட்டும் சொன்னாள். அவன் தலையை அசைத்தது மாதிரி இருந்தது. இரண்டு பேரும் சாலையைக் கடந்து நிழலில் போய் நின்றார்கள். போளூர் பஸ் வரும்வரை அவளும் அங்கேயே நின்றாள்.

ராஜ்குமார் வந்து பக்கத்தில் நின்றான். "அவன்தான் வர ஆரம்பிச்சிடுவானே. பெட்டியை நிறுத்திடலாமா?"

"வெண்டை காய்க்க நாப்பத்தஞ்சு நாள் ஆவும்," என்றாள் அபிதா. "அவனுக்கு எத்தனை நாள் ஆவும்னு நீ சொல்லு, நிறுத்திடறேன்."

பஸ் போயிற்று. கெங்கம்மாள் ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள். அவன் மறுபக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும், தெரியவில்லை.